வாசகர் கேள்வி – பதில்: எந்தக் காலத்து மேடை?

இரண்டு இதழ்களுக்கு முன்பு, 1974-ஆம் ஆண்டு கின்ஷாசாவில் நடந்த அலி – ஃபோர்மன் ஆட்டத்தைப் பற்றிய கேள்வி ஒன்றுக்குப் பதில் எழுதும்போது, "ஹெவிவெயிட் பிரிவில் அலியை மிஞ்சியவர் எவரும் இல்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியை மறுத்தும் ஆதரித்தும் வந்த கடிதங்களைப் படித்தபோது, காரணம் காட்டாமல் அதை எழுதியிருக்கக் கூடாது என்று தோன்றியது. ஆகவே இந்த இதழின் கேள்வி – பதில் பகுதி முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

ராக்கி மார்சியானோ ஆடிய 49 ஆட்டங்களிலும் வென்றவர். அலி 5 முறை தோற்றவர். தோற்காதவரைவிடத் தோற்றவர் எப்படிப் பெரியவராக முடியும்?
– வாசகர், தூத்துக்குடி

மார்சியானோவின் 49 வெற்றிகளைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. அவற்றில் 43 நாக் அவுட், அதாவது எதிராளி ஆட்டத்தைத் தொடர முடியாமல் போனவை. உயரம் ஏறத்தாழ 5 அடி 10 அங்குலம், எடை 84 கிலோ, ஹெவிவெயிட் சாம்பியன்களுக்குள் மிகக் குட்டையான கை நீளம். இத்தனை குறைகளோடு ஒருவர் ஏறத்தாழ நான்காண்டுகள் பட்டத்தை வைத்திருந்து, 1956-இல் தோல்வியே காணாமல் ஓய்வு பெற்றார் என்றால் அந்த உடலுக்குள் இருந்த உறுதி சாதாரணமானதாக இருக்க முடியாது. 1954 செப்டம்பரில் எஸ்ஸார்ட் சார்ல்ஸுடன் ஆடிய ஆட்டத்தில் அவருடைய மூக்கு பிளந்து, ரத்தம் நிற்காமல், எந்த நேரமும் ஆட்டம் நிறுத்தப்படலாம் என்ற நிலை வந்தது. எட்டாவது சுற்றில் சார்ல்ஸை வீழ்த்தி அவரே ஆட்டத்தை முடித்தார்.

ஆனால் தோல்விக் கணக்கில் பூஜ்யம் இருப்பதை மட்டும் பார்த்தால் எதிரே நின்றவர் யார் என்பது மறைந்துவிடுகிறது. 1951-இல் மார்சியானோ வீழ்த்திய ஜோ லூயிஸுக்கு அப்போது வயது 37; வருமான வரிக் கடனை அடைப்பதற்காக ஓய்விலிருந்து திரும்பி வந்தவர் அவர். 1952-இல் மார்சியானோ பட்டத்தைப் பறித்த ஜெர்சி ஜோ வால்காட்டுக்கு வயது 38. 1955-இல் கடைசி ஆட்டத்தில் எதிர்த்த ஆர்ச்சி மூரும் நாற்பதை ஒட்டியவர். இவர்கள் எவரும் மட்டமான வீரர்கள் அல்லர். மூரும் சார்ல்ஸும் எந்தக் காலத்திலும் மதிக்கத்தக்கவர்கள். ஆயினும் மார்சியானோ சந்தித்தது பெரும்பாலும் உச்சத்தைத் தாண்டிய பெரியவர்களை என்பதை மறைக்க முடியாது.

அலியின் ஐந்து தோல்விகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். 1971-இல் ஃப்ரேஸியரிடம் தோற்றது, வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்ததற்காக 43 மாதங்கள் ஆட விடாமல் தடுக்கப்பட்டுத் திரும்பிய சில மாதங்களில். 1973-இல் கென் நார்ட்டனிடம் தோற்றபோது அவருடைய தாடை உடைந்திருந்தது. உடைந்த தாடையோடு கடைசிச் சுற்று வரை ஆடினார். 1978-இல் லியான் ஸ்பிங்க்ஸிடம் இழந்த பட்டத்தை ஏழே மாதங்களில் மீட்டார். 1980, 1981-ஆம் ஆண்டுகளின் இரு தோல்விகளும் அவர் ஆடியிருக்கவே கூடாத ஆட்டங்களில் வந்தவை. மறுபக்கத்தில் லிஸ்டன், ஃப்ரேஸியர், நார்ட்டன், ஃபோர்மன் என்று அவர் வென்றவர்களில் பலர் தம் உச்சத்தில் இருந்தவர்கள்; தம்மை வீழ்த்திய மூவரை மறுபடி மேடையில் சந்தித்து வென்றதும் அவர் கணக்கில் உண்டு. தோற்காமல் இருப்பதைவிட, தோற்கக்கூடிய ஆட்டங்களைத் தேடிப் போவதையே நான் உயர்வாக வைக்கிறேன்.

எல்லா விவரங்களையும் கணினியில் கொடுத்தால், அலிக்கும் மார்சியானோவுக்கும் நடக்கும் ஆட்டத்தின் முடிவை அது சொல்லிவிடாதா?
– பொறியியல் மாணவர், கோவை

இந்த முயற்சி உங்கள் பெற்றோர் பள்ளிக்குப் போகும் முன்பே நடந்துவிட்டது. 1967-இல் மியாமியைச் சேர்ந்த வானொலித் தயாரிப்பாளர் மரே வோரோனர், பல காலத்துச் சாம்பியன்கள் 16 பேரைக் கற்பனையாக மோதவிட்டு, ஆட்டங்களின் போக்கைக் கணினியில் கணக்கிட்டு, அவற்றை நேரடி வர்ணனை போல வானொலியில் ஒலிபரப்பினார். அலி காலிறுதியில், 1899-இல் பட்டம் வென்ற ஜிம் ஜெஃப்ரிஸிடம் தோற்றதாக முடிவு வந்தது. இறுதியில் பழைய சாம்பியன் ஜாக் டெம்ப்ஸியை வென்று மார்சியானோ முதலிடம் பெற்றார். உரிமம் பறிக்கப்பட்டுப் பிழைப்பின்றி இருந்த அலி, தம் பெயருக்குக் களங்கம் ஏற்பட்டதாகக் கூறி 10 லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கின் சமரசத்திலிருந்துதான் அடுத்த முயற்சி பிறந்தது: அலியையும் மார்சியானோவையும் ஒரே மேடையில் ஏற்றிப் படம்பிடிப்பது.

1969-இல் மியாமியில் ஒரு படப்பிடிப்புக் கூடத்தில் இருவரும் சந்தித்தார்கள். பதின்மூன்று ஆண்டுகளாக ஓய்வில் இருந்த மார்சியானோ, இந்தப் படத்துக்காக இருபது கிலோவுக்கு மேல் எடையைக் குறைத்து, வழுக்கையை மறைக்கப் பொய்முடி வைத்துக்கொண்டு வந்தார். ஒரு நிமிடச் சுற்றுகளாக ஏறத்தாழ எழுபது சுற்றுகளைப் படமாக்கி, பலவித முடிவுகளையும் நடிக்கவைத்து எடுத்துக்கொண்டார்கள். எது வெளிவரும் என்பது இருவருக்கும் தெரியாது. தம் முடிவைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு மார்சியானோவுக்குக் கிடைக்கவேயில்லை. படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களில், 1969 ஆகஸ்ட் 31 அன்று, 46-ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய இரவில், ஐயோவா மாநிலத்தில் நடந்த சிறு விமான விபத்தில் அவர் இறந்துபோனார். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் காட்டப்பட்ட பிரதியில் அவர் 13-ஆவது சுற்றில் அலியை வீழ்த்தினார். ஐரோப்பாவில் காட்டப்பட்ட பிரதியில் அலி வென்றார்.

ஒரே கணினி, ஒரே ஆட்டம், இரண்டு நாட்டுக்கு இரண்டு முடிவு. கணினிக்கு ஊட்டப்பட்டவை குத்துச்சண்டை எழுத்தாளர்களிடம் கேட்டுப் பெற்ற மதிப்பீடுகளே. லூயிஸின் இடக்கை ஜாபுக்கு (முன்கையை நேராக நீட்டி விடும் குத்து) எத்தனை மதிப்பெண், மார்சியானோவின் தாங்கும் வலிமைக்கு எத்தனை மதிப்பெண் என்று மனிதர்கள் போட்ட எண்களைத்தான் அது கூட்டிக் கழித்தது. இன்றைய கணினி எத்தனை மடங்கு வேகமாக இருந்தாலும் அந்த முதல் எண்ணைப் போடுகிறவர் மனிதராகவே இருப்பார். ஒரு வீரர் ஒரு சுற்றில் எத்தனை குத்து விட்டார், எத்தனை பட்டது என்பதை எண்ணலாம். வெட்டுக்காயம் பட்ட பிறகு அவர் முன்னே வருவாரா, பின்வாங்குவாரா என்பதற்கு எண் போடுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

டைசன் ஃபியூரியின் உயரம் 206 செ.மீ., எடை 120 கிலோவுக்கு மேல். 90 கிலோகூட இல்லாத பழைய சாம்பியன்கள் இவர் முன்னால் இரண்டு சுற்று நிற்பார்களா?
– வாசகர், திருச்சி

உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இன்றைய கணக்கில் டெம்ப்ஸி, மார்சியானோ இருவரும் ஹெவிவெயிட் வீரர்களே அல்லர். அவர்களுடைய எடை, 1979-இல் உருவான, ஹெவிவெயிட்டுக்கு அடுத்த கீழ்ப் பிரிவான குரூஸர்வெயிட்டுக்குள் அடங்கிவிடும். அந்தப் பிரிவின் மேல்வரம்பு இப்போது 200 பவுண்டு, அதாவது சுமார் 90.7 கிலோ. பட்டத்தைக் காத்த பல ஆட்டங்களில் ஜோ லூயிஸும் அந்த வரம்புக்குள்ளேதான் இருந்தார்.

அதே சமயம், பெரிய உடல் ஒன்றே போதும் என்பதற்கு எதிரான சாட்சிகள் வலுவானவை. 1919 ஜூலை 4 அன்று, ஒஹையோ மாநிலத்தின் டொலீடோ நகரில், 85 கிலோ டெம்ப்ஸி, 111 கிலோ எடையும் ஆறரை அடி உயரமும் கொண்ட ஜெஸ் வில்லர்டை முதல் சுற்றிலேயே ஏழு முறை கீழே தள்ளினார். 1935-இல் ஜோ லூயிஸ், தம்மைவிட முப்பது கிலோ போலக் கனமான ப்ரிமோ கார்னெராவை ஆறாவது சுற்றில் முடித்தார். நம் காலத்திலேயே, குரூஸர்வெயிட்டிலிருந்து மேலேறி வந்த ஒலெக்சாண்டர் உசிக், 2024 மே மாதமும் டிசம்பர் மாதமும் ரியாத்தில் அதே ஃபியூரியை இருமுறை வென்றார். டிசம்பர் ஆட்டத்தில் எடை பார்த்தபோது உசிக் ஏறத்தாழ 102 கிலோ, ஃபியூரி 127 கிலோ. 25 கிலோ வித்தியாசம் அவரைத் தடுக்கவில்லை. காலடியும் இடக்கையின் வேலையும் அந்த வித்தியாசத்தை ஈடுகட்டின.

ஆனால் வில்லர்டும் கார்னெராவும் மெதுவானவர்கள் என்பதைச் சொல்லாமல் இந்தச் சாட்சிகளை மட்டும் அடுக்கினால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். லெனாக்ஸ் லூயிஸ், கிளிச்கோ சகோதரர்கள் போன்றோர் உயரத்தோடு ஒலிம்பிக் தரத்துப் பயிற்சியும் சேர்ந்தவர்கள். லெனாக்ஸ் 1988 சியோலிலும், விளாடிமிர் கிளிச்கோ 1996 அட்லாண்டாவிலும் தங்கம் வென்றவர்கள். நீண்ட கையால் ஜாபைப் போட்டுத் தூரத்தைக் காத்து, நெருங்கி வருகிறவர் மேல் சாய்ந்து தம் எடையைச் சுமக்கவைக்கும் கலை இவர்களுக்குக் கைவந்தது. மார்சியானோ இவர்களிடம் 12 சுற்றில் வென்றிருப்பார் என்று என்னால் சொல்ல முடியாது. ஜோ லூயிஸ் விஷயத்தில் எனக்கு அந்த உறுதி இல்லை. குட்டையான, நேரான குத்துகளை அடுத்தடுத்து விடுவதில் அவரைப் போல இன்னொருவரை நான் படச்சுருளிலும் பார்த்ததில்லை. அந்தக் கைக்கு ஓர் இடைவெளி கிடைத்தால் எதிராளியின் உயரம் உதவாது.

என் தாத்தா 1980-இல் சென்னை நேரு விளையாட்டரங்கில் அலியை நேரில் பார்த்தவர். 15 சுற்று ஆடிய காலத்தவரை 12 சுற்றுக் காலத்தவரோடு ஒப்பிடவே கூடாது என்கிறார். சரிதானா?
– வாசகி, ராயபுரம்

தாத்தா கொடுத்து வைத்தவர். அவர் பார்த்தது ஜிம்மி எல்லிஸுடன் அலி ஆடிய கண்காட்சி ஆட்டம். எல்லிஸும் லூயிவில் நகரத்துக்காரர், அலி தடையில் இருந்த காலத்தில் உலகக் குத்துச்சண்டைச் சங்கத்தின் (டபிள்யூ.பி.ஏ.) பட்டத்தை வைத்திருந்தவர். தாத்தா சொல்வதை நான் பெரிதும் ஏற்கிறேன். ஏன் என்பதை இரண்டு ஆட்டங்களைக் கொண்டே காட்டிவிடலாம்.

முதலாவது, 1941 ஜூன் 18, நியூயார்க். நான்கு ஆண்டுகளாகப் பட்டத்தைக் காத்துவந்த ஜோ லூயிஸை, அவரைவிடப் பத்து கிலோவுக்கு மேல் எடை குறைந்த பில்லி கான் எதிர்க்கிறார். 12 சுற்று முடிந்தபோது மூன்று நடுவர்களில் இருவர் கணக்கில் கான் முன்னிலை. மூன்றாமவர் கணக்கு சமம். இன்றைய விதி அன்று இருந்திருந்தால் அந்த நொடியில் கான் உலகச் சாம்பியன். ஆனால் இன்னும் மூன்று சுற்று பாக்கி இருந்தது. 13-ஆவது சுற்றில் கான் விலகி ஆடுவதை விட்டுவிட்டு, லூயிஸை நாக் அவுட் செய்யவே உள்ளே புகுந்தார். அந்தச் சுற்று முடிய இரண்டே நொடி இருக்கும்போது எண்ணிக்கை பத்தைத் தொட்டது. தரையில் கிடந்தவர் கான்.

இரண்டாவது, 1952 செப்டம்பர் 23, பிலடெல்ஃபியா. வால்காட் முதல் சுற்றிலேயே இடக்கை ஹுக்கால் (பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து) மார்சியானோவை, அவர் வாழ்க்கையிலேயே முதல் முறையாக, தரையில் உட்காரவைத்தார். 12 சுற்று முடிவில் மூன்று நடுவர்களின் கணக்கிலும் வால்காட்டே முன்னிலை. 13-ஆவது சுற்று தொடங்கிய சிறிது நேரத்தில் வால்காட் கயிற்றை நோக்கிப் பின்வாங்குகிறார். இருவரும் ஒரே நேரத்தில் வலக்கையை எடுக்கிறார்கள். மார்சியானோவின் கை ஓரடி தூரம்கூடப் பயணம் செய்யாது, அதற்குள் தாடையில் பட்டுவிடுகிறது. வால்காட்டின் இடக்கை கயிற்றில் மாட்டிக்கொள்ள, அவர் மண்டியிட்டபடி முன்னால் சரிந்து, நெற்றி தரையில் தொட அப்படியே நின்றுவிடுகிறார். முதல் கேள்வியில் வந்த அந்த 49-இல் ஒன்று இது. 12 சுற்று விதியில் இது தோல்வி.

பதினைந்து பன்னிரண்டாகக் குறைந்ததற்கு ஓர் உயிர் காரணம். 1982 நவம்பரில் ரே மன்சினியுடன் 14-ஆவது சுற்று வரை ஆடி வீழ்ந்த தென்கொரிய லைட்வெயிட் வீரர் டுக் கூ கிம், சில நாட்களில் இறந்தார். உலகக் குத்துச்சண்டை கவுன்சில் முதலில் சுற்றுகளைக் குறைத்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மற்ற அமைப்புகளும் பின்பற்றின. அந்த முடிவு சரியானது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் 15 சுற்றுக்குத் தன்னைத் தயார்செய்த உடலும் 12 சுற்றுக்குத் தயார்செய்த உடலும் வேறு. 127 கிலோ உடலோடு 13, 14, 15-ஆவது சுற்றுகளை ஆடிப் பார்க்க வேண்டிய கட்டாயம் இன்றைய வீரருக்கு இல்லை. ஆகவே இரு காலத்தவரை மோதவிடும் எவரும் எத்தனை சுற்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

மற்ற விதிகளும் இப்படியே. எதிராளி விழுந்தால் நடுநிலை மூலைக்குப் போய் நிற்க வேண்டும் என்ற விதி டெம்ப்ஸி வில்லர்டை வீழ்த்திய நாளில் கடைப்பிடிக்கப்படவில்லை. வில்லர்ட் எழுந்துகொண்டிருக்கும்போதே டெம்ப்ஸி பக்கத்தில் நின்று மறுபடி அடித்தார். 1927-இல் சிகாகோவில் ஜீன் டன்னியை வீழ்த்திய பிறகும் அதே பழக்கத்தில் அருகிலேயே நின்றார். அந்த முறை ரெஃப்ரி எண்ணத் தொடங்காமல் அவரை மூலைக்கு அனுப்பினார். டன்னிக்கு நான்கைந்து நொடி கூடுதலாகக் கிடைத்தது. டன்னி எழுந்து ஆடி வென்றார்.

கியூபாவின் தியோஃபிலோ ஸ்டீவன்சன் தொழில்முறைக்கு வந்திருந்தால்?
– வாசகர், யாழ்ப்பாணம்

1972 மியூனிக், 1976 மாண்ட்ரியல், 1980 மாஸ்கோ என மூன்று ஒலிம்பிக் தங்கங்கள் வென்ற அந்த வலக்கையைப் பார்த்த எவருக்கும் இந்த ஏக்கம் வரும். கியூபாவில் தொழில்முறைக்குத் தடை இருந்தது. பெரும் பணத்தை வேண்டாம் என்று சொல்லி அவர் ஊரிலேயே இருந்தார். மூன்று சுற்று ஆட்டத்தில் எழுபதுகளின் எவரையும் அவர் வென்றிருக்கலாம். பத்தாவது சுற்றில் அவர் எப்படி இருந்திருப்பார் என்பதற்கு நம்மிடம் ஒரு சாட்சியும் இல்லாததால் அவரை நான் வரிசையில் வைப்பதில்லை.

1988-இல் இருந்த மைக் டைசன் எந்தக் காலத்தவரையும் இரண்டு சுற்றில் முடித்திருப்பார் என்பது என் முடிவான கருத்து. நீங்கள்?
– வாசகர், மதுரை

1988 ஜூன் 27 அன்று, அதுவரை தோற்றேயிராத மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 நொடிகளில் முடித்த டைசனைப் பார்த்தவர்கள் அவரை மறக்க மாட்டார்கள் என்பது உண்மை. 20 வயதில் பட்டம் வென்ற அந்த இளைஞரின் வேகத்தைப் பற்றிப் பேசுவோர், அவருடைய தலையசைவைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. 5 அடி 10 அங்குல உயரத்தோடு நெடிய வீரர்களின் ஜாபுக்கு அடியில் புகுந்து வரும் அந்த வித்தையை, கேட்ஸ்கில் ஊரில் பயிற்சியாளர் கஸ் டமாட்டோ அவருக்குப் பாடமாகக் கற்றுக்கொடுத்தார். பழைய ஆட்டங்களின் படச்சுருள்களை அங்கே இரவிரவாகப் பார்த்து வளர்ந்ததால், டெம்ப்ஸியின் கருப்புக் கால்சட்டை முதல் அவருடைய முரட்டுத் தொடக்கம் வரை டைசனிடம் பழையவர்களின் சாயல் நிறைய உண்டு.

ஆயினும் உங்கள் முடிவோடு நான் உடன்படவில்லை. 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் செய்தது என்ன? நீண்ட ஜாப், ஜாபுக்குப் பின்னால் வலக்கை, நெருங்கினால் பிடித்துக்கொள்வது, பயப்படாமல் பத்துச் சுற்று அதையே செய்வது. அலியின் கையில் இதே கருவிகள் இன்னும் கூர்மையாக இருந்தன. டைசன் பயிற்சியில் அலட்சியமாக இருந்த நாள் அது என்று சொல்வார்கள், அது உண்மையே. ஆனால் உச்ச டைசனைக் கற்பனை செய்கிறபோது உச்ச அலியையும் அல்லவா எதிரே நிறுத்த வேண்டும்? என் கணிப்பில் முதல் நான்கு சுற்றில் டைசனுக்கு உண்மையான வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகு ஆட்டம் அலியுடையது.

குத்துச்சண்டைப் பத்திரிகையாளர் நாட் ஃபிளைஷர் ஜாக் ஜான்சனையே முதலிடத்தில் வைத்தார் என்று படித்தேன். இன்று எவரும் அப்படி வைப்பதில்லையே, ஏன்?
– ஆசிரியை, நாகர்கோவில்

1922-இல் 'தி ரிங்' இதழைத் தொடங்கிய ஃபிளைஷர், 1972-இல் இறக்கும் வரை தம் முடிவை மாற்றவில்லை. ஜான்சனுக்குப் பிறகு ஜெஃப்ரிஸ், ஃபிட்ஸிம்மன்ஸ், டெம்ப்ஸி, கார்பெட் என்று பெரும்பாலும் தம் இளமைக் காலத்து வீரர்களையே முன்னே வைத்தார்; லூயிஸுக்கு ஆறாம் இடமே கிடைத்தது; அலியை முதல் பத்துக்குள் சேர்க்கவே இல்லை. அவரை நான் குறை சொல்லவில்லை. நாம் முதன்முதலில் வியந்து பார்த்த வீரனின் நிழல் நம் கண்ணைவிட்டு நீங்குவதில்லை.

ஜான்சனை இன்று சரியாக எடைபோட முடியாமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர் காலத்துப் படங்கள் கையால் சுழற்றும் கேமராவில் எடுக்கப்பட்டவை. நொடிக்குப் பதினாறு சட்டங்கள் போல எடுத்ததை இருபத்து நான்காக ஓட்டினால் மனிதர்கள் பொம்மைகள் போலத் துள்ளுகிறார்கள். சரியான வேகத்தில் ஓட்டி, ஜான்சனின் கைகளை மட்டும் கவனித்துப் பாருங்கள். எதிராளியின் குத்து கிளம்பும்போதே திறந்த கையுறையால் அவருடைய தோள் மடிப்பில் தட்டி நிறுத்தும் அந்தத் தற்காப்பு, நூறாண்டு கடந்தும் பழையதாகத் தெரியாது.

1910 ஜூலை 4 அன்று ரீனோவில், வெள்ளையர்களின் நம்பிக்கையாக ஓய்விலிருந்து அழைத்துவரப்பட்ட ஜெஃப்ரிஸை, கறுப்பினத்தவரான ஜான்சன் 15-ஆவது சுற்றில் வீழ்த்தினார். அன்றிரவே அமெரிக்காவின் பல நகரங்களில் கறுப்பின மக்கள் தாக்கப்பட்டார்கள். இரண்டே ஆண்டுகளில், குத்துச்சண்டைப் படச்சுருள்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்வதைத் தடைசெய்து சட்டமே வந்தது. அது 1940 வரை நீடித்தது. 1915-இல் ஹவானாவில் வில்லர்டிடம் ஜான்சன் தோற்ற பிறகு, 1937-இல் ஜோ லூயிஸுக்கு வாய்ப்புக் கிடைக்கும் வரை, 22 ஆண்டுகள் ஒரு கறுப்பின வீரர்கூடப் பட்டத்துக்கு ஆட அனுமதிக்கப்படவில்லை. ஹாரி வில்ஸ் டெம்ப்ஸியோடு ஆடுவதற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். ஒப்பந்தம் வரை வந்தும் ஆட்டம் நடக்கவில்லை. ஜான்சனும் பட்டத்தோடு இருந்தபோது இன்னொரு கறுப்பின வீரரான சாம் லாங்ஃபோர்டுக்கு வாய்ப்புத் தரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்த 22 ஆண்டுகளின் சாம்பியன் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம், கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களை நான் நினைத்துக்கொள்கிறேன். டெம்ப்ஸியை நான் மிகவும் விரும்புகிறேன். ஆனாலும் அவரை முதல் மூவரில் வைக்க என் கை வருவதில்லை. காரணம் வில்ஸ்.

எனக்கு உசிக், என் தந்தைக்கு அலி. வாரம் தவறாமல் வாதம். இரண்டு காலத்தை ஒப்பிட நம்பத்தகுந்த வழி ஏதாவது உண்டா?
– வாசகர், சேலம்

எனக்குத் தெரிந்த ஒரே வழி, இரண்டு காலத்திலும் மேடை ஏறியவர்களைத் தேடுவது. கற்பனை ஆட்டத்தைவிட, அவர்கள் உண்மையில் ஆடிய ஆட்டங்களுக்கு நான் மதிப்புத் தருகிறேன்.

ஆர்ச்சி மூர் 1955-இல் மார்சியானோவை இரண்டாவது சுற்றில் கீழே தள்ளி, ஒன்பதாவது சுற்றில் தோற்றார். 1962-இல் இருபது வயது அலியிடம் நான்காவது சுற்றில் வீழ்ந்தார். ஆனால் ஏழாண்டு முதுமை இடையில் இருப்பதால் இந்தச் சாட்சி வலுவற்றது. ட்ரெவர் பெர்பிக், 1981-இல் அலியின் கடைசி ஆட்டத்தில் அவரை வென்றவர்; 1986-இல் டைசன் பட்டத்தைப் பறித்தது அவரிடமிருந்துதான். இதிலும் அலியின் முதுமை குறுக்கே நிற்கிறது. முதியவரை இளையவர் வென்றால் அதிலிருந்து அதிகம் தெரிந்துகொள்ள முடியாது. முதியவர் இளையவருக்கு ஈடுகொடுத்தால் மட்டுமே அந்த முதியவரின் காலம் எத்தகையது என்று தெரியவரும்.

அப்படி ஈடுகொடுத்தவர்கள் இருவர். லாரி ஹோம்ஸ், எழுபதுகளில் அலிக்குப் பயிற்சித் துணையாக இருந்து வளர்ந்தவர். 1988-இல் டைசன் அவரை நான்கே சுற்றில் முடித்தார் என்பதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதே ஹோம்ஸ் 42 வயதில், 1992-இல், அன்றைய சாம்பியன் ஹோலிஃபீல்டுடன் 12 சுற்றும் நின்று புள்ளிகளில்தான் தோற்றார். அதற்கு முந்தைய ஆண்டு ஜார்ஜ் ஃபோர்மனும் 42 வயதில் அதே ஹோலிஃபீல்டிடம் 12 சுற்று நின்றார்.

ஃபோர்மன் அதோடு நிற்கவில்லை. 1994 நவம்பர் 5, லாஸ் வேகஸ்; எதிரே 26 வயது மைக்கேல் மூரர். இருபது ஆண்டுகளுக்கு முன் கின்ஷாசாவில் அலியிடம் வீழ்ந்தபோது அணிந்திருந்த அதே சிவப்புக் கால்சட்டையை அணிந்து 45 வயது ஃபோர்மன் ஏறினார். அன்று அலியின் மூலையில் நின்ற பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி, இப்போது ஃபோர்மனின் மூலையில் நின்றார். ஒன்பது சுற்று வரை மூரரே அடித்தார். மூன்று நடுவர்களின் கணக்கிலும் ஃபோர்மன் பின்தங்கியிருந்தார். பத்தாவது சுற்றில் நெற்றிக்கும் தாடைக்கும் என இரண்டு நேர் வலக்கைக் குத்துகள். பெரிதாக வீசி அடித்தவைகூட அல்ல. மூரர் மல்லாந்து விழுந்து எழவில்லை. ஃபோர்மன் தம் மூலைக்குப் போய் மண்டியிட்டு ஜெபித்தார்.

வேகம் போய், கால் கனத்து, 113 கிலோ எடையோடு வந்த ஓர் எழுபதுகளின் வீரர் தொண்ணூறுகளின் சாம்பியனை வீழ்த்த முடிந்தது என்றால், 25 வயதில், 100 கிலோவில், உச்சத்தில் இருந்த அதே மனிதரை எட்டாவது சுற்றில் வீழ்த்திய அலியைப் பற்றி நான் எழுதிய அந்த ஒரு வரிக்கு இதுவே என் காரணம். கூடவே ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: அலியின் உச்சம் என்று எல்லோரும் காட்டும் 1966 ஹூஸ்டன் ஆட்டத்தை நான் சாட்சியாகச் சேர்க்கவில்லை. அன்று மூன்றாவது சுற்றில் தோற்ற கிளீவ்லண்ட் வில்லியம்ஸ், இரண்டு ஆண்டுகளுக்கு முன் போலீஸ் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து உயிர் பிழைத்தவர். அலியின் கால்களின் அழகை அதில் பார்க்கலாம், வலிமையை அளக்க அது உதவாது.

ஆகவே என் வரிசையில் அலி முதல், பதினோராண்டுக்கு மேல் பட்டத்தை வைத்து 25 முறை காத்த ஜோ லூயிஸ் இரண்டாவது. இருவருக்கும் இடைவெளி மிகச் சிறியது. மூன்றாம் இடத்துக்கு ஹோம்ஸ், ஃபோர்மன் இருவரில் எவர் என்று இன்னும் என்னால் முடிவு செய்ய முடியவில்லை. உசிக், தம்மைவிட மிகவும் கனமானவரை இருமுறை வென்றவர் என்ற முறையில், உங்கள் வாதத்துக்கு நல்ல அடித்தளம் தருகிறார். அவர் ஆட்டத்தை நிறுத்திய பிறகு, அவரை எந்த இடத்தில் வைக்கலாம் என்று இதே பகுதியில் எழுதுகிறேன்.